தேர்வில் ரிவர்ஸ் பார்க்கிங்: நேரம் எங்கே போகிறது?

கேள்வி இதுதான். பழகும்போது வண்டி கட்டத்துக்குள் ஒழுங்காகப் போய் நிற்கிறது. ஓட்டுநர் தேர்வில் இரண்டு நிமிடம்தான் என்று சொன்னதும் எல்லாம் குலைந்துபோகிறது. முதல் தடவை நேரம் தாண்டிவிட்டது. அடுத்த தடவை சீக்கிரம் முடிக்கப் பார்த்து, பின்சக்கரம் கோட்டை மிதித்துவிட்டது. இன்னும் வேகமாக ரிவர்ஸ் எடுக்க எப்படிப் பழகுவது?

வேகமாக எடுக்கப் பழகவே வேண்டாம் என்பதுதான் என் பதில். பொறுமையாக ஓட்டுங்கள் என்ற வழக்கமான உபதேசம் இல்லை இது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் அதன் பின்னச்சின் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் அச்சின்) நடுப்பகுதி ஏறக்குறைய மூன்றரை மீட்டர் ஆரமுள்ள வளைவில் போகும். கட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் வண்டி நேராக உள்ளே திரும்ப வேண்டுமென்றால் கால் வட்டம் போக வேண்டும், அதாவது ஐந்தரை மீட்டர் சொச்சம். அதற்குப் பிறகு நேராக இன்னொரு மூன்று, நான்கு மீட்டர். மொத்தத்தில் ஒன்பது, பத்து மீட்டர்தான். மணிக்கு 3 கிலோமீட்டர் என்பது ஆமை வேகம், ஆள் நடப்பதைவிடக் குறைவு. அந்த வேகத்தில் போனாலும் நொடிக்கு 83 சென்டிமீட்டர் நகர்கிறீர்கள். பத்து மீட்டருக்குப் பன்னிரண்டு நொடி போதும்.

ஆக, 120 நொடியில் வண்டி உருள வேண்டியது பன்னிரண்டு நொடிதான். வேகத்தை இரட்டிப்பாக்கினால் மிச்சமாவது ஆறு நொடி. அந்த ஆறு நொடிக்காகத்தான் கோட்டை மிதிக்கிறோம்.

மீதி நேரமெல்லாம் எங்கே போகிறது? பெரும்பாலும் வண்டி நிற்கும்போதுதான் போகிறது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் முன்னே பின்னே நகர்த்துவது, பாதியில் நிறுத்திவிட்டு இந்தக் கண்ணாடியையும் அந்தக் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்ப்பது, ஸ்டீயரிங் எத்தனை சுற்று திரும்பியிருக்கிறது என்று மறந்துபோய்ச் சக்கரம் நேராக இருக்கிறதா என்று யோசிப்பது, கிளட்சைப் பட்டென்று விட்டு எஞ்சின் அணைந்துபோய் மறுபடி ஸ்டார்ட் செய்வது. இதில் எதுவும் வேகமாக ஓட்டினால் தீராது. சொல்லப்போனால் எல்லாமே கூடும்.

வேகம் இன்னொரு கெடுதலும் செய்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. பவர் ஸ்டீயரிங் உள்ள பெரும்பாலான கார்களில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மூன்று சுற்றுக்குப் பக்கம் இருக்கும். நேரான நிலையிலிருந்து முழுக்க ஒடிக்க ஒன்றரைச் சுற்று. பழகிய கைக்கு அது இரண்டு நொடி வேலை. 3 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இரண்டு நொடிக்குள் வண்டி ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் நகரும். 6 கிலோமீட்டரில் என்றால் மூன்றேகால் மீட்டர் ஓடிவிடும். கால் வட்டத்துக்கே ஐந்தரை மீட்டர்தான் என்று பார்த்தோம். பாதிக்கு மேல் தூரம் போன பிறகும் சக்கரம் இன்னும் ஒடிந்துகொண்டுதான் இருக்கிறது. "ஸ்டீயரிங்கை லேட்டாக ஒடித்துவிட்டேன்" என்று வருத்தப்படுகிறவர்களில் பாதிப் பேர் சரியான இடத்தில்தான் ஒடிக்க ஆரம்பித்திருப்பார்கள். வண்டிதான் கையைவிட வேகமாகப் போயிருக்கும்.

தயக்கத்துக்கும் இதே கணக்குத்தான். கட்டத்தின் அகலம் இரண்டரை மீட்டர், வண்டியின் அகலம் 1.7 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நடுவில் நிறுத்தினால் இருபுறமும் மிஞ்சுவது 40 சென்டிமீட்டர். குறுக்கே நிற்கும் வண்டியை ஒடிக்கத் தொடங்குவதில் அரை நொடி தாமதித்தால், 3 கிலோமீட்டர் வேகத்திலேயே வண்டி 42 சென்டிமீட்டர் தள்ளிப்போயிருக்கும். பாதையின் வழியே தள்ளிப்போன அந்தத் தூரம், உள்ளே திரும்பி முடித்ததும் அப்படியே பக்கவாட்டுத் தள்ளலாக வந்து நிற்கும். அதாவது அரை நொடித் தயக்கத்தில் ஒரு பக்கத்து இடம் முழுதும் இல்லாமல் போய்விடும். வேகம் இரட்டிப்பானால் கால் நொடியே போதும்.

அதனால் நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: கால் மெதுவாக, கை வேகமாக. பதற்றத்தில் இது தலைகீழாகிவிடும். கால் அழுத்தும், கை ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பும்.

காலை மெதுவாக வைப்பதற்கு: கியர் வண்டியென்றால், சமதளத்தில் ஆக்சிலரேட்டரே வேண்டாம். கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடத்தில் காலை நிறுத்தி, அதிலேயே வண்டியை ஊர விடுங்கள். குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டால் கால் நடுங்காது. வேகம் கூடினால் கிளட்சை ஒரு நூல் உள்ளே அழுத்தினால் போதும், குறைந்தால் ஒரு நூல் விட்டால் போதும். பிரேக்கை நிறுத்துவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றமான தளமாக இருந்தால் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் தேவைப்படும், அதைத் தனியாகப் பழகிக்கொள்ள வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி பிரேக்கை விட்டதும் தானே ஊரும், அந்த வேகமும் இந்த வேலைக்கு அதிகம்தான். முழு நேரமும் பிரேக் மேலேயே கால் இருக்க வேண்டும்.

இனி தொடங்கும் இடம். உங்கள் நேரத்தில் பெரும்பங்கு மிச்சமாகப்போவது இங்கேதான்.

"உங்கள் தோள் இந்தக் கோட்டுக்கு நேராக வரும்போது ஒடியுங்கள்" என்று யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சொன்னவருக்கு அது சரியாக இருந்திருக்கும். அவருடைய உயரம், அவர் சீட்டைத் தள்ளிவைத்த தூரம், அவருடைய வண்டி எல்லாம் சேர்ந்துதான் அந்தக் குறியைத் தீர்மானிக்கின்றன. உங்களுக்கு அது ஒரு அடி தள்ளியிருக்கலாம். உங்களுக்கான குறியை நீங்களே கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: வண்டியைத் தலைகீழ் வரிசையில் ஓட்டிப் பாருங்கள்.

எத்தனை தடவை திருத்தினாலும் பரவாயில்லை, முதலில் வண்டியைக் கட்டத்தின் நட்டநடுவில் நேராக நிறுத்துங்கள். அங்கிருந்து முன்பக்கமாக, நேராக வெளியே வாருங்கள். பின்சக்கரம் கட்டத்துக்குள் ஒரு மீட்டர் அளவுக்கு இருக்கும்போது, ஊர்ந்துகொண்டே ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வெளியே திரும்புங்கள். வண்டி பாதைக்கு நேராக வரப்போகிற நேரத்தில், ஊர்ந்துகொண்டே ஸ்டீயரிங்கை நேராக்குங்கள். ஸ்டீயரிங் முழுதும் நேரான அந்த இடத்தில் பிரேக். அவ்வளவுதான். மெதுவாகப் போகும் வண்டியின் சக்கரம் வழுக்குவதில்லை, அதனால் ஒரே ஸ்டீயரிங் நிலைக்கு முன்னே போகும் தடமும் பின்னே வரும் தடமும் ஒன்றே. இப்போது நீங்கள் நிற்கும் இடம்தான் ரிவர்ஸ் எடுக்கத் தொடங்க வேண்டிய இடம். சீட்டில் உட்கார்ந்தபடி சுற்றிலும் பாருங்கள். எந்தக் கோடு கதவின் எந்தப் பகுதிக்கு நேராகத் தெரிகிறது, பக்கக் கண்ணாடியில் கட்டத்தின் மூலை எங்கே விழுகிறது, இரண்டையும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அதே வேகத்தில், அதே மாதிரி ஒடித்து உள்ளே போங்கள். வண்டி கிட்டத்தட்டத் தானாகவே போய் உட்காரும். வெளியே வரும்போது பக்கத்துக் கோட்டை மிதித்துவிட்டால், ஒடித்த இடம் கொஞ்சம் முந்திவிட்டது என்று அர்த்தம். இன்னும் சற்று வெளியே வந்த பிறகு ஒடித்துப் பாருங்கள்.

குறி என்பது வண்டிக்கும் கோட்டுக்கும் இடையிலான உறவாக இருக்க வேண்டும். மைதானத்து மரம், மூலையில் கிடக்கும் கல் என்று எதையாவது பிடித்துவைத்துக்கொண்டால் தேர்வு நடக்கும் இடத்தில் அவை இருக்காது. இன்னொன்று, தேர்வு வண்டி வேறாக இருந்தால் அதன் சீட்டை உங்கள் அளவுக்குச் சரிசெய்யாமல் வண்டியை நகர்த்தவே வேண்டாம். சீட் ஒரு பல் முன்னே பின்னே போனால் எல்லாக் குறியும் இடம் மாறிவிடும்.

கட்டத்தின் வாயிலிருந்து வண்டி எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்? கிட்டே நின்றால் சுலபம் என்றுதான் தோன்றும், ஆனால் உள்பக்கப் பின்சக்கரம் மூலைக் கோட்டை ஏறி மிதிப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். மேலே சொன்ன அளவுகளுக்குக் கணக்குப் போட்டால், ஒரு மீட்டர் தள்ளி நின்று ஒரே மூச்சில் திரும்பும் சிறிய காரின் உடல் அந்த மூலையின் மேலேயே ஏறிப் போகும். ஒன்றேகால் மீட்டர் விட்டால் மயிரிழையில் தப்பும். ஒன்றரை மீட்டர் விட்டால் நிம்மதி. அதே நேரத்தில் முன்பக்கத்தின் வெளிமூலை எதிர்ப்பக்கமாக ஏறக்குறைய ஒரு மீட்டர் வீசும், பின்னால் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதை மறந்துவிடுவார்கள். எதிர்ப்பக்கம் கோடோ கம்பமோ இருந்தால், ஒடிக்கும்போது ஒரு தடவை முன்னாலும் பார்வை போய் வர வேண்டும்.

கண்ணாடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் குவிந்த வகை. அதிகப் பரப்பைக் காட்டுவதற்காகப் பொருளைச் சிறிதாகக் காட்டும், அதனால் கோடு உண்மையில் இருப்பதைவிடத் தள்ளித் தெரியும். "இன்னும் இடம் இருக்கிறதே" என்று தோன்றும்போது அவ்வளவு இடம் இல்லை. தேர்வு விதி அனுமதித்தால் கண்ணாடியைச் சற்றுக் கீழே சாய்த்து, பின்சக்கரம் தரையைத் தொடும் இடமும் கோடும் சேர்ந்து தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் நேரம் எண்ணத் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

இரண்டு கண்ணாடியையும் ஒரே நேரத்தில் பார்க்க முயல வேண்டாம். திரும்பும் வரைக்கும், வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கக் கண்ணாடிதான் முக்கியம்: மூலையைப் பின்சக்கரம் தாண்டுகிறதா? தாண்டியதும் மற்றக் கண்ணாடி: அந்தப் பக்கக் கோடு எவ்வளவு தூரத்தில் வருகிறது? வண்டி நேரான பிறகு இரண்டிலும் இடைவெளி சமமா என்று மாற்றி மாற்றி ஒரு பார்வை. இது போக, தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். கண்ணாடிக்குத் தெரியாத மறைவிடம் உண்டு. பார்க்காமல் பின்னே போனால் கோட்டை மிதிக்காவிட்டாலும் தேர்வாளர் குறித்துக்கொள்வார்.

உள்ளே போகும்போது எந்தப் பக்கம் திருப்புவது என்ற குழப்பம் பதற்றத்தில் கட்டாயம் வரும். ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பக்கம் இடம் அதிகமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டீயரிங். ரிவர்ஸில் ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினால் வண்டியின் பின்பக்கம் இடதுக்குப் போகும், வலது பக்கம் திருப்பினால் வலதுக்கு. கால் சுற்று திருப்பி, பின்பக்கம் நகர்ந்ததும் உடனே நேராக்க வேண்டும். நேராக்க மறந்தால் ஒரு கோட்டிலிருந்து தப்பி மறு கோட்டில் போய் ஏறும்.

திருத்தம் செய்வதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான அபிப்பிராயம் உண்டு. கட்டத்துக்குள் வண்டி சாய்ந்துவிட்டால் பலரும் அங்கேயே அரை மீட்டர் முன்னே, அரை மீட்டர் பின்னே என்று கிண்டிக்கொண்டிருப்பார்கள். நேரத்தைத் தின்பதில் இதற்கு இணையில்லை. அரை மீட்டர் நகர்வில் வண்டியின் சாய்வு கொஞ்சம் மாறும், பக்கவாட்டில் ஏறக்குறைய எதுவும் மாறாது. திருத்தினால் முழுசாகத் திருத்துங்கள்: ஒரு வண்டி நீளம் முன்னே வாருங்கள், வரும்போதே கட்டத்துக்கு நேராக்கிக்கொள்ளுங்கள், மறுபடி நேராகப் பின்னே போங்கள். இதற்குப் பதினைந்து நொடி, கியர் மாற்றத்தோடு சேர்த்து இருபது என்றே வையுங்கள். இடத்தைப் பார்த்துக்கொள்ளப் பத்து, உள்ளே போக இருபத்தைந்து, முழுத் திருத்தம் இரண்டு செய்தால் நாற்பது. கூட்டினால் எழுபத்தைந்து நொடிதான் வருகிறது. இரண்டு நிமிடக் கெடுவில் இரண்டு தடவை சொதப்பிவிட்டுத் திருத்தவும் இடம் இருக்கிறது. இந்தக் கணக்கு மனதில் இருந்தாலே பாதிப் பதற்றம் போய்விடும். எத்தனை திருத்தம் அனுமதி, நடுவில் வண்டி நின்றால் மதிப்பெண் குறையுமா, நேரம் எந்தக் கோட்டைத் தாண்டியதும் ஓடத் தொடங்குகிறது என்பதெல்லாம் தேர்வுக்குத் தேர்வு மாறும். விதியை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிற்கக் கூடாது என்ற விதி இருந்தால், நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும் பழக்கம் உங்களுக்கு உதவாது. ஊர்ந்துகொண்டே ஒடித்துத்தான் ஆக வேண்டும்.

திருத்தலாம் என்று எப்போது முடிவெடுப்பது? சக்கரம் கோட்டைத் தொடுவதற்கு முன். மூலையைத் தாண்டாது என்று சந்தேகம் வந்த கணமே நிறுத்தி முன்னே வந்துவிடுங்கள். "போய்விடும், போய்விடும்" என்ற நம்பிக்கையில் விட்டதில்தான் பெரும்பாலானோர் தோற்கிறார்கள்.

பதற்றத்துக்கு வருவோம். யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1908இல் சுண்டெலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு வழிகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தவறினால் மின்அதிர்ச்சி. வித்தியாசம் எளிதில் தெரிந்தபோது அதிர்ச்சி கூடக் கூட எலிகள் சீக்கிரம் கற்றுக்கொண்டன. வித்தியாசம் கண்டுபிடிக்கக் கடினமாக இருந்தபோது, ஓரளவுக்கு மேல் அதிர்ச்சி கூடினால் கற்பது கெட்டது. எலியிலிருந்து ஓட்டுநருக்குத் தாவுவது கொஞ்சம் தூரம்தான். ஆனாலும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அதே மாதிரிதான் நடப்பதைப் பார்க்கிறேன். அழுத்தத்தை நாம் குறைக்க முடியாது, கடிகாரம் தேர்வாளர் கையில் இருக்கிறது. வேலையின் கடினத்தைக் குறைக்கலாம். எடுக்க வேண்டிய முடிவுகள் குறைந்தால் வேலை எளிதாகும். தொடங்கும் இடம் ஒரு முடிவு, மூலை தாண்டுகிறதா என்பது ஒரு முடிவு, எப்போது நேராக்குவது என்பது ஒரு முடிவு. இந்த மூன்றைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாதபடி பழகிவிடுங்கள். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வது சிலருக்கு உதவும்: "குறி, மூலை, நேர்." அதற்கு மேல் நீளமான மந்திரம் எதுவும் பதற்றத்தில் ஞாபகம் வராது. ரிவர்ஸ் கியர் போட்டதும் மூச்சை ஒரு தடவை முழுதாக வெளியே விடுங்கள், ஸ்டீயரிங் மேல் இறுகியிருக்கும் கை தளரும்.

பழகும் முறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். இரண்டு நிமிடத் தேர்வுக்கு ஒரு நிமிடத்தில் முடிக்கப் பழகு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, அது காலுக்கு வேகத்தைத்தான் பழக்கும். முதலில் கடிகாரமே இல்லாமல், கோட்டைத் தொடாமல் தொடர்ந்து உள்ளே போகும் வரை பழகுங்கள். அப்புறம் கூட இருப்பவரை நேரம் பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் உங்களிடம் சொல்ல வேண்டாம். பயிற்சி முடிந்த பிறகு எண்களைக் கேளுங்கள். ஆமை வேகத்தில் போயும் கெடுவுக்குள் எவ்வளவு மிஞ்சியது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கடைசியாக, வேண்டுமென்றே கெட்ட நிலையிலிருந்து தொடங்குங்கள். மிகக் கிட்டே நிறுத்தி, சாய்வாக நிறுத்தி, குறியைத் தாண்டி நிறுத்தி, அங்கிருந்து காப்பாற்றப் பழகுங்கள். நல்ல நிலையிலிருந்து மட்டுமே பழகியவர் தேர்வில் வண்டி சற்றுத் தவறியதும் நிலைகுலைந்து போவார். கெட்டதிலிருந்து மீளத் தெரிந்தவருக்குத் தவறுவது பெரிய விஷயமே இல்லை.

கட்டத்துக்குப் பதில் சாலையோரமாக இரண்டு வண்டிகளுக்கு நடுவே நிறுத்தச் சொன்னாலும் இதே அடிப்படைதான். அங்கே ஒடிப்பது இரண்டு தடவை, எதிரெதிர்த் திசையில். முதலில் ஓரத்தை நோக்கி ஒடித்து 45 பாகைக்குச் சற்றுக் குறைவாகச் சாய்த்துக்கொண்டு, முன்மூலை முன்வண்டியைத் தாண்டியதும் மறுபக்கம் முழுக்க ஒடிக்க வேண்டும். இடையில் சரியான நேரத்தில் மாற்றுவதுதான் சிக்கல். உள்ளிருந்து வெளியே எடுத்துக் குறி கண்டுபிடிக்கும் முறை இதற்கும் அப்படியே பொருந்தும்.

பின்பக்கக் கேமராவைப் பற்றிக் கடைசியாக. தேர்வில் கேமராவுக்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு, இல்லையென்றால் இன்றைக்கே திரையை மூடிவிட்டுப் பழகத் தொடங்குங்கள். அனுமதி இருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். அகலமாகக் காட்டும் லென்ஸ் ஓரக் கோடுகளை வளைத்துக் காட்டும், வண்டியின் முன்மூலை எங்கே வீசுகிறது என்பதைக் காட்டவே காட்டாது. பின்னால் இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது, எங்கே நிறுத்துவது என்ற கடைசி ஒரு மீட்டருக்கு மட்டும் அது நன்றாக உதவும்.